மின்சாரம் வந்த கதை – 14: குழாயில் விற்ற குதிரைத்திறன்

ஜெனீவா என்றதும் தமிழ்ச் செய்தித்தாள் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஐ.நா. மனித உரிமைப் பேரவை. அங்கே கூட்டத்தொடர் நடக்கும்போதெல்லாம் ஈழத்தமிழர்கள் பதாகைகளோடு வெளியே திரண்டு நிற்பதைப் படங்களில் பார்த்திருப்போம். அடுத்ததாக நினைவுக்கு வருவது, ஏரியிலிருந்து வானத்துக்குப் பீறிடும் அந்த ஒற்றை நீரூற்று. சுவிட்சர்லாந்து போய்வந்தவர்களின் கைபேசியில் அதன் முன்னால் நின்று எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். ஊருக்கு அழகு சேர்க்க யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவைத்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஓர் எந்திரம் விட்ட பெருமூச்சு. அந்த எந்திரம் குடியிருந்த வீட்டைப் பற்றியது இந்த வாரக் கதை.

சென்ற வாரம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் விளக்கேற்றியதைப் பார்த்தோம். 1882-ல் அது நடந்தது. அன்றோடு உலகம் மின்சாரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. விளக்கு எரிவது ஒன்று, எந்திரம் ஓடுவது இன்னொன்று. எடிசனின் நேர்மின்சாரம் ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் களைத்துவிடும். ஓரிடத்தில் பிறக்கும் விசையை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்விக்கு அன்றைய பொறியாளர்களிடம் நான்கைந்து விடைகள் இருந்தன. அவற்றில் மின்சாரமும் ஒன்று, அவ்வளவுதான். பாரிஸில் அழுத்திய காற்றைக் குழாயில் அனுப்பினார்கள். லண்டனில் நீராவி எந்திரங்கள் தண்ணீரை அழுத்தி அனுப்ப, லிஃப்டுகளும் துறைமுகப் பளுதூக்கிகளும் அதில் இயங்கின. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் ஹைன்ரிஷ் மோசர் என்ற கடிகார முதலாளி 1866-ல் ரைன் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, அங்கே சுழன்ற டர்பைன்களின் விசையை இரும்புக் கம்பி வடங்களில் கரைக்குக் கொண்டுவந்தார். கிணற்று ராட்டினக் கயிறு ஆற்றைத் தாண்டி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

ஜெனீவா தேர்ந்தெடுத்தது தண்ணீரை. அதற்குக் காரணம் அந்த ஊரின் இருப்பிலேயே இருந்தது.

லெமான் ஏரி பிறை வடிவில் கிடக்கிறது. ஆல்ப்ஸ் பனியாறுகளில் பிறக்கும் ரோன் ஆறு அதன் கிழக்கு முனையில் கலங்கலாக நுழைந்து, மேற்கு முனையில் கண்ணாடிபோல் தெளிந்து வெளியேறுகிறது. வெளியேறும் அந்த வாயில்தான் ஜெனீவா. ஆற்றின் இரு கரையிலும் ஊர், நடுவில் தீவு, குறுக்கே பாலங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜோசப் அபேய் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே நீர்ச்சக்கரம் வைத்து ஆற்றுநீரை மேட்டுப்பகுதி ஊற்றுகளுக்கு ஏற்றிக் காட்டியிருந்தார். அப்படிப்பட்ட எந்திரம் ஒன்று நின்ற பாலத்துக்கு ‘எந்திரப் பாலம்’ என்றே பெயர். இன்றும் அதே பெயர்தான்.

ஆற்றில் சக்கரங்களும் ஆலைகளும் கூடக்கூட, ஏரிக்கரைக்காரர்களுக்குக் கோபம் வந்தது. வடகரையில் இருக்கும் வோ மாநிலத்தார், “வாயை நீங்கள் அடைத்துவைத்திருக்கிறீர்கள், எங்கள் வயலில் ஏரி ஏறுகிறது” என்று ஜெனீவாமேல் குற்றம்சாட்டினார்கள். நமக்குப் பழக்கமான ஆற்றுச் சண்டையில் கீழே இருப்பவன், தண்ணீர் வரவில்லை என்பான். இங்கே மேலே இருப்பவன், தண்ணீர் போகவில்லை என்றான். தலைமுறைகள் கடந்த இந்தச் சண்டை நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1884 டிசம்பரில் வோ, வாலே, ஜெனீவா மூன்று மாநிலங்களும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. ஏரி நீர்மட்டம் ஏறி இறங்க 60 சென்டிமீட்டர் இடைவெளி. அதற்குள் அதை வைத்திருப்பது ஜெனீவாவின் பொறுப்பு.

எந்திரப் பாலத்தை ஒட்டி அதற்காக அமைத்த மதகு விநோதமானது. இரும்புக் கதவுகள் இல்லை. மரச்சட்டங்களைக் கோத்த திரைகள். வெயிலுக்கு நாம் தாழ்வாரத்தில் தொங்கவிடும் மூங்கில் தட்டியைப் போலச் சுருட்டி ஏற்றலாம், இறக்கலாம். நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றின் நீர்மட்டத்தை 1995 வரை காத்தவை இந்தத் தட்டிகள்தாம். அதன்பிறகு சற்றுக் கீழே கட்டிய செஜே அணை அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இந்தச் சண்டையில் ஜெனீவாவுக்கு வேறொரு லாபமும் இருந்தது. எப்படியும் ஆற்றைத் தூர்வாரி ஒழுங்குபடுத்த வேண்டும். அதோடு சேர்த்து ஆற்றின் விசையையும் கறந்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நகராட்சிக்குள் வந்தவர் தெயோடோர் துரெத்தினி. 1845-ல் பிறந்தவர். இத்தாலியின் லுக்காவில் பட்டு வணிகம் செய்து, சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தழுவியதால் ஊரைவிட்டு ஜெனீவாவுக்கு வந்து வேரூன்றிய குடும்பம். முன்னோரில் பெயர்பெற்ற சமய அறிஞர்கள் உண்டு. இவர் பொறியாளர், நுண்ணளவுக் கருவிகள் செய்யும் ஜெனீவா பௌதிகக் கருவி நிறுவனத்தின் இயக்குநர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிளப்பவர்களோடு பழகியவர், ஓர் ஆற்றை இரண்டாகப் பிளக்கும் வேலைக்கு வந்தார்.

மெய்யாகவே இரண்டாகத்தான் பிளந்தார்கள். ரோன் ஆற்றின் வலக் கிளை வெள்ளம் தடையின்றிப் போவதற்கு. இடக் கிளை உழைப்பதற்கு. அந்த இடக் கிளையில், கூலூவ்ரெனியேர் என்ற பகுதியில், 1883-ல் வேலை தொடங்கியது. 1886 மே மாதம் திறப்பு விழா. இரண்டரை ஆண்டு. ஓடும் ஆற்றுக்குள் அடித்தளம் போட்டுக் கட்டிய கட்டடத்துக்கு இது அதிகமில்லை.

எந்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆற்றின் இயல்பு நமக்குத் தலைகீழாகத் தோன்றும். கோடையில் பனி உருகி ஆறு நிறைகிறது, குளிர்காலத்தில் மெலிகிறது. ஆறு நிறைந்தால் விசையும் கூடும் என்று நினைப்போம். கூடாது. கட்டடத்துக்குக் கீழ்ப்புறமும் நீர் ஏறிவிடுவதால் கோடையில் நீரின் வீழ்ச்சி 1.7 மீட்டர்தான், ஓர் ஆள் உயரம். குளிர்காலத்தில் நீர் குறைவு, வீழ்ச்சி 3.7 மீட்டர் வரை. ஒரே டர்பைன் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். சூரிக்கின் எஷர் வீஸ் நிறுவனம் இதற்கென்று ஜோன்வால் வகை டர்பைனை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள் கொண்டதாகச் செய்தது. நீர் நிறைய இருந்தால் எல்லா வளையங்களும் திறக்கும். குறைந்தால் சிலவற்றை மூடிவிடலாம். ஒவ்வொன்றும் சுமார் 200 குதிரைத்திறன். தரைக்குக் கீழே டர்பைன் அம்மிபோல மெதுவாகச் சுழல, அதன் நிமிர்ந்த தண்டு தரைக்கு மேலே, ஒன்றுக்கொன்று குறுக்காகப் படுத்திருக்கும் இரண்டு பம்புகளை இழுத்துத் தள்ளும். சில டர்பைன்களோடு தொடங்கி, படிப்படியாக 18 ஆகிவிட்டன.

பம்புகள் தள்ளிய தண்ணீர் இரண்டு தனித்தனிக் குழாய் வலைகளில் போனது. தாழ்வழுத்தக் குழாய் வீடுகளுக்கு. உயரழுத்தக் குழாய் மேட்டுப் பகுதிகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும். நகருக்கு வெளியே பெஸான்ஷ் மேட்டில், ஏரிக்கு ஏறத்தாழ 120 மீட்டர் மேலே ஒரு நீர்த்தேக்கம். அந்த உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் நொடிக்கு ஒரு லிட்டர் கிடைத்தால் போதும், உராய்வு போக ஒரு குதிரைத்திறனுக்குக் குறையாது. நகராட்சி விற்றது அந்தத் திறனைத்தான். நீர் அதைச் சுமந்துவந்த வண்டி.

வாங்கியவர்கள் யார்? ஆற்றின் வலக்கரையில் செயின்ட் ஜெர்வே பகுதியில் கடிகாரத் தொழிலாளர்கள். இவர்களுக்கு ‘காபினோத்தியே’ என்று பெயர். கடிகார வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். எனவே கட்டடங்களின் உச்சி மாடியில், வரிசையாகச் சன்னல் வைத்த சிற்றறைகளில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஐந்தாவது மாடிக்கு நீராவி எந்திரத்தையும் நிலக்கரியையும் யார் ஏற்றுவது? குழாய் ஏறும். சூரிக்கின் ஆல்பர்ட் ஷ்மிட் செய்த சிறு நீர் மோட்டார்கள் 1870-களிலிருந்தே இந்த ஊரில் பழகியிருந்தன. ஊசலாடும் ஒரு சிலிண்டர், ஒரு சக்கரம், அவ்வளவுதான். குழாயைத் திருகினால் மோட்டார் ஓடும், லேத் சுழலும். வேலை முடிந்ததும் மூடிவிடலாம். காலையில் அடுப்பு மூட்டி நீராவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பின்னாளில் மின்சாரம் எதற்காகப் போற்றப்பட்டதோ அத்தனை வசதியும் இந்தத் தண்ணீர்க் குழாயிலேயே இருந்தது. சிறு தொழிலாளி பெரிய ஆலைக்குக் கூலியாகப் போகாமல் தன் அறையிலேயே இருந்து பிழைக்க, நகராட்சியே விசையைச் சில்லறையாக விற்றது. இதை அந்தக் காலத்து உள்ளாட்சி ஒன்றின் மிகச் சிறந்த செயல்களுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

விளக்குக்கான மின்சாரமும் முதலில் இந்தக் குழாய் வழியாகத்தான் வந்தது என்பது வேடிக்கை. ஆறு டர்பைனைச் சுழற்றும். டர்பைன் பம்பை இயக்கும். பம்பு தண்ணீரைக் குழாயில் தள்ளும். அந்தத் தண்ணீர் ஊருக்குள் இன்னொரு டர்பைனைச் சுழற்றும். அது டைனமோவைச் சுழற்றும். அப்புறம் விளக்கெரியும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்தார்கள்.

இனி அந்தப் பெருமூச்சு. மாலையில் வேலை முடிந்ததும் ஊர் முழுக்கத் தொழிலாளர்கள் மோட்டாரை மூடுவார்கள். எவர் எப்போது மூடுவார் என்று கூலூவ்ரெனியேர் மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பம்புகள் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாத அழுத்தம் குழாய்களில் ஏறும். யாராவது ஓடிப்போய்ப் பம்புகளை நிறுத்துவதற்குள் குழாய் வெடிக்கலாம். அதற்கு ஒரு பாதுகாப்பு வால்வு வைத்தார்கள். அழுத்தம் அளவு மீறினால் அது திறந்து, தண்ணீரை நேராக மேலே பீய்ச்சும். 1886-ல் கட்டடத்தருகே 30 மீட்டர் உயரத்துக்கு அது எழுந்தது. நீரூற்று எழும்பினால் கடிகாரக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அழுத்தத்தைச் சமன்படுத்த வேறு ஏற்பாடுகள் வந்தபின் அந்த வால்வுக்கு வேலையில்லை. ஆனால் ஊர் அதற்குள் அதன்மேல் ஆசை வைத்துவிட்டது. 1891-ல் சுவிஸ் கூட்டமைப்பின் 600-ஆவது ஆண்டு விழாவும் நாடு தழுவிய உடற்பயிற்சி விழாவும் வந்தன. நீரூற்றை ஏரிக்கரைக்கு, ஓவீவ் அலைதாங்கிச் சுவருக்கு மாற்றி, 90 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி, விளக்கொளியும் பாய்ச்சினார்கள். தேவை போய்விட்டது; காட்சி நிலைத்துவிட்டது.

கட்டடத்துக்கு வருவோம். அதன் முழுப்பெயர் ‘பாத்திமான் தெ ஃபோர்ஸ் மொத்ரிஸ்’. இயக்குவிசைகளின் கட்டடம் என்று பொருள். பெயரில் அலங்காரம் இல்லை. உடம்பில் உண்டு. ஆற்றுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒரு கல் மண்டபம். பக்கங்களில் அரைவட்ட வளைவுகொண்ட உயர்ந்த சன்னல்கள், ஒரே தாளகதியில், வரிசையாக. மேலே இரும்புச் சட்டங்கள் தாங்கும் கூரை. உள்ளே குறுக்கே ஒரு தூண் இல்லை. முகப்பின் மேலே ரோமானியத் தெய்வங்கள்: கடலரசன் நெப்டியூன், விளைச்சலின் தாய் சீரிஸ், வணிகத்தின் காவலன் மெர்க்குரி. தெரியாதவர் பார்த்தால் நாடகக் கொட்டகை என்பார், அல்லது ரயில் நிலையம் என்பார். பம்பு அறை என்று சொல்லமாட்டார்.

நம் ஊர்த் துணைமின் நிலையத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் ‘அபாயம்’ பலகையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம். அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. முதலில் இடத்தைப் பாருங்கள். ஊருக்கு வெளியே மறைவாகக் கட்ட வழியே இல்லை. வீழ்ச்சி எங்கே இருக்கிறதோ அங்கேதான் டர்பைன். வீழ்ச்சி இருந்தது ஊரின் நடுமார்பில், எல்லாப் பாலங்களிலிருந்தும் கண்ணில் படும் இடத்தில். அடுத்தது, காசு யாருடையது? ஊருடையது. தனியார் ஆலை தன் சுவரை எப்படி வைத்துக்கொண்டாலும் கேள்வியில்லை. ஊர்ப்பணத்தில் எழும் கட்டடம் ஊருக்கு முகம் காட்டியாக வேண்டும். நம்மூரில் கோயில் தெப்பக்குளத்து நீராழி மண்டபத்துக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. இதுவும் ஒருவகை நீராழி மண்டபம்தான்.

அந்த அலங்காரம் வேலைக்கு இடைஞ்சலாகவும் இல்லை. உயர்ந்த சன்னல்கள் பகல் முழுக்க எந்திரங்களின்மேல் வெளிச்சம் பாய்ச்சின. தூணில்லாத நீள மண்டபம் என்பதால் ஒரு டர்பைன் பக்கத்தில் இன்னொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக முடிந்தது. கட்டும்போதே 18 எந்திரங்களுக்கும் இடம் வைத்துவிட்டு, தேவை வளரவளர நிரப்பினார்கள். வளர்ச்சியை முன்கூட்டியே கல்லில் எழுதிவைத்த கட்டடம் இது.

அந்த மூன்று தெய்வங்களின் தேர்வில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. நீர் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, வணிகம் இருக்கிறது. மின்சாரத்துக்குச் சிலை இல்லை. பிற்காலத்து மின் நிலையங்களில் கையில் மின்னலோடும் தீப்பந்தத்தோடும் பெண்ணுருவங்கள் நிற்பதைப் பார்க்கலாம். 1886-ல் ஜெனீவா தன் பெருமைக்குரிய விசைக் கூடத்தின் உச்சியில் யாரை நிறுத்துவது என்று யோசித்தபோது மின்சாரம் அந்தப் பட்டியலில் வரவில்லை.

ஐந்தே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1891 ஆகஸ்டில் ஜெர்மனியின் லாஃபனில் நெக்கர் ஆறு பிறப்பித்த மாறுமின்சாரம், 175 கிலோமீட்டர் கம்பியில் ஓடி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் விளக்கெரித்தது. தண்ணீர்க் குழாயால் இந்தத் தூரத்தைக் கனவிலும் எட்ட முடியாது. துரெத்தினி பிடிவாதக்காரர் இல்லை. ரோன் ஆற்றிலேயே சில கிலோமீட்டர் கீழே ஷேவ்ர் என்ற இடத்தில் நேரடியாக மின்சாரம் தரும் நிலையத்தைத் தொடங்கவைத்தார். 1896-ல், அவர் தலைமையில் ஜெனீவாவில் தேசியக் கண்காட்சி நடந்த அதே ஆண்டில், அது மின்சாரம் தந்தது. தன் அரண்மனைக்குத் தானே போட்டியைக் கட்டினார் என்று சொல்லலாம். ஷேவ்ர் நிலையம் இன்று இல்லை. 1940-களில் அதற்கும் கீழே வெர்புவா அணை வந்தபோது பழையதை இடித்துவிட்டார்கள். போட்டியாளர் போய்விட, அரண்மனை நிற்கிறது.

நின்றதற்குக் காரணம் எளியது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக மின்சாரத்துக்கு மாறினாலும், ஊருக்குக் குடிநீர் வேண்டுமே. விசை விற்ற பம்புகள் வெறும் தண்ணீர் ஏற்றும் பம்புகளாக இன்னும் பல பதிற்றாண்டுகள் உழைத்தன. அவையும் ஓய்ந்தபின் மண்டபம் வெறுமையாக நின்றது. 1990-களில் நகரின் பெரிய இசைநாடக அரங்கைப் பழுதுபார்க்க மூட வேண்டியிருந்தது. நாடகங்களை எங்கே நடத்துவது? தூணில்லாத உயர்ந்த மண்டபம் ஒன்று ஆற்றின் நடுவே சும்மா இருந்தது. 1997-லிருந்து அது அரங்கம். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான இருக்கைகள். நுழைந்ததும் வரும் கூடத்தில் பழைய பம்புகள் சிலவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இடைவேளையில் காபிக் கோப்பையோடு அவற்றைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பவர்களின் காலடியில் ரோன் இன்னும் ஓடுகிறது. பெரிய அரங்குக்கு துரெத்தினியின் பெயர்.

நீரூற்று என்னவாயிற்று? இன்று நாம் படமெடுத்துக்கொள்வது 1951-ல் தனியாக அமைத்தது. நொடிக்கு 500 லிட்டர் ஏரி நீர், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், 140 மீட்டர் உயரம். எந்த நொடியில் பார்த்தாலும் சுமார் 7 டன் தண்ணீர் அந்தரத்தில் இருக்கும். இதைத் தள்ளும் பம்புகள் ஓடுவது மின்சாரத்தில்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. 1890-ல் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு கூட்டத்தார் நயாகரா அருவியை வேலைக்கு அமர்த்தப் புறப்பட்டார்கள். எந்த வழியில் அந்த விசையைக் கொண்டுபோவது என்று முடிவுசெய்ய லண்டனில் ஐவர் குழு ஒன்றைக் கூட்டினார்கள். தலைவர் சர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு. அன்வின், மஸ்கார், கோல்மன் செல்லர்ஸ் ஆகிய வல்லுநர்களோடு ஐந்தாவது நாற்காலியில் ஜெனீவாவின் துரெத்தினி. காற்றா, நீரா, மின்சாரமா என்று திட்டங்கள் வந்து குவிந்தன. கடைசியில் மின்சாரமே வென்றது. நயாகராவின் டர்பைன்களை வடிவமைத்த ஃபேஷ் – பிக்கார் நிறுவனமும் ஜெனீவாக்காரர்களுடையதுதான். கட்டடத்தை வரைய அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட்டை அழைத்தார்கள். அவர் எழுப்பிய அந்த மின் மண்டபத்தின் வாயில் வளைவு மட்டும், பின்னால் கட்டடம் ஏதும் இல்லாமல், இன்று நயாகராவின் ஆட்டுத் தீவில் தனியாக நிற்கிறது. மண்டபம் எங்கே போயிற்று என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)